பஞ்சுப் போர்வைக்கு ஒரு துணி

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்துவிடு, கண்ணு. மடியில் புதுச்சேலை இருக்கிறது, புழுதி படக் கூடாது. முழுசாகச் சாத்த வேண்டாம், பாதி போதும். வேர்த்துக் கொட்டினால் அதுவும் சேலைக்கு ஆகாது.

நீ எதுவரை? கோயமுத்தூரா. நான் காங்கேயத்தில் இறங்கி, அங்கிருந்து சென்னிமலை பஸ் பிடிக்க வேண்டும். இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இப்போது என்ன மணி? பன்னிரண்டேகாலா? பரமத்தியே இன்னும் தாண்டவில்லையே. இந்த டிரைவருக்குக் காலில் சுளுக்கா என்ன, மிதிக்கவே மாட்டேன் என்கிறான். ஏப்பா கண்டக்டரு, வண்டி தானா ஓடுதா, இல்ல எறங்கித் தள்ளணுமா?

பார், சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

என் அக்கா செத்துப்போய்விட்டாள். இன்றைக்கு விடியக்காலை. இது அவளுக்குக் கோடிச் சேலை. பிறந்த வீட்டுக் கோடி மேலே விழாமல் கட்டிக் கொடுத்த பொம்பளையைச் சுடுகாட்டுக்கு எடுக்க மாட்டார்கள், உனக்கும் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. அப்பன் ஆத்தாள் போய் எத்தனையோ வருசமாகிவிட்டது. பிறந்த வீடு என்றால் இப்போது நான் ஒருத்திதான், இந்தப் பைதான். இரண்டு மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ எதற்கு மூஞ்சியை அப்படி வைத்துக்கொள்கிறாய்? நான் அழவில்லை பார். எனக்கு அழுகை வராது. கோபம்தான் வரும். அப்படியே வளர்ந்துவிட்டேன்.

ஆறரைக்கே போன் வந்துவிட்டது. அப்புறம் ஏன் பன்னிரண்டு மணிக்கு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிறாயா? கேட்கவில்லையா? மனசுக்குள் கேட்டிருப்பாய். சொல்கிறேன். ஒன்பதரைக்குக் கடை திறந்தார்கள், முதல் ஆளாக நுழைந்தேன். சுத்தப் பருத்தி வேண்டும், சிவப்பு வேண்டும் என்றேன். விற்கிற பையன் மளமளவென்று இருபது சேலையைப் பிரித்துப் போட்டான். எல்லாம் ப்யூர் காட்டன்மா என்று சத்தியம் பண்ணுகிறான். கை வைத்தால் எனக்குத் தெரியாதா? ஒன்றின் ஓரத்தில் ஓர் இழையை உருவி, கல்லாவுக்குப் பக்கத்தில் சாமி படத்துக்கு ஏற்றி வைத்திருந்த ஊதுபத்தியில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிந்து தூளாக உதிர வேண்டும். இது சுருண்டு போய், முனையில் கடுகு மாதிரி கருப்பாக ஒன்று நின்றது. நகத்தால் நசுக்கினேன், நசுங்கவில்லை. அவன் கண்ணுக்கு நேரே நீட்டினேன். இதாடா உன் ப்யூர் காட்டன்?

பயந்துவிட்டான். யாருக்குங்கம்மா சேலை என்று கேட்டான். கோடிக்கு என்றேன். "கோடிக்கா? இன்னைக்கே எரியப் போற சேலைங்க, அதுக்கு ஏனுங்கம்மா இத்தனை சோதனை?" என்றான்.

சேலையைச் சுருட்டி அவன் மூஞ்சியிலேயே எறிந்தேன். முதலாளி ஓடி வந்தான். கடையில் இருந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். எரியப் போகிற உடம்பு என்றால் கழிசலைச் சுற்றி அனுப்பலாமா? அப்புறம் மாடியில் இருந்து ஒரு கட்டு இறக்கினார்கள். அதில் ஒன்று கஞ்சி, ஒன்று சாயம் மோசம், எச்சில் தொட்டுத் தேய்த்தால் விரலெல்லாம் சிவப்பு. கடைசியில் இது அகப்பட்டபோது பதினொன்று ஆகிவிட்டது.

என் வேன் சரக்கு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போயிருக்கிறது. டாக்சிக்காரன் மூவாயிரம் கேட்டான். இரண்டாயிரத்து ஐநூறுக்கு வா என்றேன். மாட்டேன் என்றான். சரி போ என்று நடக்க ஆரம்பித்தேன். நடந்தால் பின்னாலேயே கூப்பிடுவார்கள், முப்பது வருசமாகப் பார்க்கிறேன். பத்தடி நடந்தேன், இருபதடி நடந்தேன். திரும்பிப் பார்த்தால் வேறு சவாரியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்கு நான் என்ன செய்ய? சாவு வீட்டுக்குப் போகிறவளிடம் ஐநூறு ரூபாய் கூட வாங்கப் பார்த்தது அவன் தப்பு.

தொழிலே அதுதான் கண்ணு எனக்கு, துணி பார்ப்பது. கரூரில் பஞ்சுப் போர்வை தைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறேன். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தையல். பதினாலு மெஷின் போட்டிருக்கிறேன். பிசிறு வெட்டுகிற வேலைக்குப் போனவள்தான் நான். புருசன் இன்னொருத்தியோடு திருப்பூருக்குப் போய்விட்டான், அந்தக் கதையை விடு. ஐந்தாவதுக்கு மேல் படிப்பு கிடையாது. இந்தக் கையும் இந்த வாயும்தான் எனக்குப் படிப்பு.

போர்வைக்குத் துணி பார்ப்பது சேலை பார்ப்பது மாதிரி இல்லை, தெரியுமா? எல்லாரும் மேல்துணியின் பூவைப் பார்த்து மயங்குவார்கள். அடித்துணிதான் போர்வை. உடம்பில் படுவது அதுதானே. ரொம்ப நெருக்கி நெய்திருந்தால் ஊசி உடையும், குத்தின ஓட்டை மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். தளர நெய்திருந்தால் உள்ளே இருக்கிற பஞ்சு இழை இழையாக வெளியே வரும், ஒரே மாசத்தில் போர்வை மேலெல்லாம் பூனைமயிர் ஒட்டின மாதிரி ஆகிவிடும். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இழைக்கு நடுவே கண் கண்ணாக வெளிச்சம் தெரிந்தால் தள்ளிவிட வேண்டியதுதான். கருப்புச் சேலை கட்டிக்கொண்டு போவேன் நான். துணியை இரண்டு கையாலும் கசக்கி மடிமேல் உதறினால் கஞ்சி இருந்தால் மாவாகக் கொட்டிக் காட்டிக் கொடுத்துவிடும். கஞ்சி போட்ட துணி கையில் கெட்டியாக இருக்கும், நல்ல துணி என்று நினைப்பாய். ஒரு தண்ணீருக்கு அப்புறம் சல்லடை.

இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஏமாந்து கற்றுக்கொண்டேன். முதன்முதலாக நானே வாங்கினது பன்னிரண்டு பீஸ். நூறு மீட்டர் மடித்துக் கட்டினால் ஒரு பீஸ். தலைப்பில் ஐந்து மீட்டர் பார்த்தேன், பாறை மாதிரி இருந்தது. உள்ளே பூராவும் குப்பை. போர்வையாகத் தைத்துத் துவைத்த அன்றைக்கு முந்நூறு போர்வையும் வதங்கின வெற்றிலை மாதிரி சுருண்டு கிடந்தது. தாலிக்கொடியை விற்றேன். போனவன் கட்டின தாலிதானே, போகட்டும்.

அன்றையிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யார் துணி கொண்டு வந்தாலும் ஒரு பீஸை நடுவில் வெட்டிப் பார்ப்பேன். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். தலைப்பைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் மடிப்பைப் பிரித்துப் பார்ப்பார்கள். கத்தரி வைக்க மாட்டார்கள். நடுவில் வெட்டினால் பீஸ் இரண்டு துண்டாகிவிடும், துண்டுத் துணிக்குப் பாதி விலைதான். அதுகூடப் பெரிசில்லை. நடுவில் கத்தரி வைத்தால், கொண்டு வந்தவனைத் திருடன் என்று பத்துப் பேர் முன்னால் சொன்ன மாதிரி. எத்தனையோ பேர் என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள். நான் விட்டதில்லை. எல்லாருக்கும் ஒரே கத்தரி. அதுதான் நியாயம். என்ன சொல்கிறாய்?

அக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பூவாத்தாள் என்று பேர். எனக்கு ஒன்பது வயது மூத்தவள். ஆத்தாள் போனபோது எனக்கு ஆறு வயது. தலை வாரிவிட்டது, பேன் பார்த்தது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அவள்தான். அவளைச் சென்னிமலைப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மாமா பேர் சென்னியப்பன். எட்டு விசைத்தறி. குனிந்த தலை நிமிராத மனுசன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். என் புருசன் என்னை விட்டுவிட்டுப் போன வருசம், அக்கா ஒரு மூட்டை அரிசியோடு கரூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். ஒரு மாசம் என்னோடு இருந்தாள். ஏன் போனான், எங்கே போனான் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் பாட்டுக்குச் சமைத்துப் போட்டாள். அவள் பாட்டுக்குத் துணி துவைத்தாள்.

அது ஒரு பக்கம். வியாபாரம் ஒரு பக்கம்.

ஏழு வருசம் இருக்கும். அக்கா வீட்டில் வழக்கமாகத் துணி எடுக்கிற வியாபாரி திடீரென்று கைவிட்டுவிட்டான். அப்போதுதான் அக்கா முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டாள். போனில்தான் கேட்டாள். "துளசி, நீ போர்வைக்கு எடுக்கற துணிய எங்ககிட்ட எடுத்துக்கயேன். மாமா வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. நாங் கேக்கறேன்." கொண்டு வாக்கா, பார்க்கலாம் என்றேன்.

டெம்போவில் நாற்பது பீஸ் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் வந்தார்கள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு, தூக்குப் போசி நிறையக் கொண்டு வந்திருந்தாள். மெஷின் மெஷினாகப் போய் என் பெண்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்து, "என்ற தங்கச்சி கம்பெனி, பாத்துத் தையுங்கம்மணி" என்று சொன்னாள். அவளுக்கு அத்தனை பெருமை.

அந்த நேரம் பஞ்சு வியாபாரி வேறு உட்கார்ந்திருந்தான். மாமா ஒரு பீஸை இறக்கி மேஜைமேல் வைத்தார். நான் கத்தரியை எடுத்தேன்.

"தலைப்புல பாரு துளசி. அதே துணிதான் கடசி வரைக்கும். நானே தறிக்கு முன்னால நின்னு ஓட்டுனது" என்றாள் அக்கா.

"அது இல்லக்கா, எனக்கு ஒரு வழக்கம்."

"பிரிச்சுப் பாத்துக்க கண்ணு. நூறு மீட்டரையும் பிரிச்சுப் பாரு, நானே மடிச்சுத் தாரேன். வெட்டாத."

"வியாபாரத்துல அக்கா தங்கச்சி கெடையாதுக்கா."

மாமாதான் சொன்னார்: "விடு பூவா. அவ வழக்கம் அதுன்னா வெட்டிக்கட்டும்."

வெட்டினேன். பதினாலு மெஷினும் நின்றுவிட்டது கண்ணு. என்னடி வேடிக்கை, ஓட்டுங்கடி என்று கத்தினேன். ஒருத்தியும் ஓட்டவில்லை. கசக்கி உதறினேன், மடியில் ஒரு துளி மாவு விழவில்லை. இழையைக் கொளுத்தினேன், சாம்பல் விபூதி மாதிரி உதிர்ந்தது. வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உதறினேன். அந்தத் துணியை உனக்கு எப்படிச் சொல்வது? புதுத்துணி மாதிரியே இல்லை. பத்து வருசம் கட்டிப் பழகின துணி மாதிரி கையில் வந்து விழுந்தது. ஆனால் இழை ஒன்றுகூட நகரவில்லை. அதற்கு முன்னாலும் சரி, அப்புறமும் சரி, அப்படி ஒரு துணி என் கைக்கு வரவில்லை.

சொல்லியிருக்கலாம். தெரியும், சொல்லியிருக்கலாம். ஆனால் வாங்குகிறவள் வாயிலிருந்து நல்லாயிருக்கிறது என்று வந்தால் விலை ஏறிவிடும். வாய்க்கு அது பழகிவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓர் இடத்தில் ஒரே ஓர் இழை விட்டுப்போயிருந்தது. அதைக் காட்டி, மீட்டருக்கு ஒரு ரூபாய் கொறைச்சுக்கக்கா என்றேன்.

அக்கா அந்த இழையைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். "துணி நல்லாருக்குதா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"நல்லாத்தான் இருக்குது. ஆனா..."

"போதும்."

வெட்டின துணியை மடித்தாள். நாற்பது பீஸையும் புருசனும் பெண்டாட்டியும் டெம்போவில் திருப்பி ஏற்றினார்கள், பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு. என் பெண்கள் இரண்டு பேர் எழுந்து கை கொடுக்கப் போனார்கள். முறைத்தேன், உட்கார்ந்துகொண்டார்கள். கேட்டைத் தாண்டினதும் வண்டி நிற்கும், இறங்கி வந்து சரி ஒரு ரூபாய்தானே என்பாள் என்று நினைத்தேன். என்னிடம் கோபித்துக்கொண்டு போனவன் எல்லாம் கேட்டிலிருந்து திரும்பி வந்தவன்தான். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.

பிடிவாதக்காரி. ஏழு வருசம் பேசவில்லை. நீயே சொல்லு, யார் பிடிவாதக்காரி? நான் என்ன அவளை மட்டுமா வெட்டிப் பார்த்தேன்? அவளுக்கு மட்டும் வெட்டாமல் விட்டிருந்தால் மற்றவன் என்னை என்ன கேட்பான்?  

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. ஒரு வருசம் கழித்து நானே அவள் வீட்டுக்குப் போனேன். மீட்டருக்கு இரண்டு ரூபாய் கூடவே தருகிறேன் என்று சொல்லத்தான் போனேன். கரூரில் எவளாவது தானாகப் போய் விலையை ஏற்றிச் சொல்லியிருக்கிறாளா? நான் சொன்னேன். அக்கா தறியை நிறுத்தவில்லை. மகளைக் கூப்பிட்டு, "கோகிலா, வந்தவங்களுக்கு மோர் குடு" என்றாள். வந்தவங்க! மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நல்ல மோர்.

வெள்ளக்கோவில் வந்துவிட்டதா? ஒன்றேகாலா? ஏப்பா, இங்கே எதுக்கு நிறுத்தற? டீயா? வண்டியில ஒரு சாவு போகுதுப்பா, தெரியுதா? ரெண்டு நிமிசம்னா ரெண்டு நிமிசம்தான். நான் கடிகாரத்தப் பாத்துட்டு இருப்பேன்.

எங்கே விட்டேன்? உடம்புக்கு வந்தது இந்த ஐந்து மாசமாகத்தான். மார்பில் கட்டி. கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து ஏறினால் குளிர் தூக்கிப் போடுமாம், தோலெல்லாம் எரியுமாம். கோகிலாதான் போன் பண்ணினாள். "சித்தி, எந்தப் போர்வையப் போத்தினாலும் அம்மாவுக்கு உறுத்துதுங்கறாங்க. நீங்க ஒண்ணு தெச்சு அனுப்பறீங்களா?" அம்மா கேட்டாளா என்றேன். "அம்மா கேக்கலீங்க சித்தி. நாந்தான் கேக்கறேன்."

அன்றைக்கே கிளம்பிவிட்டேன், துணி தேட. ஈரோட்டில் ஒரு கடை விடவில்லை. சோமனூர் போனேன், சேலம் போனேன். எரிகிற தோலில் படுகிற துணி, சும்மாவா? உறுத்தக் கூடாது, கனக்கக் கூடாது. வேர்த்தால் வேர்வையைக் குடிக்க வேண்டும், உடம்போடு ஒட்டக் கூடாது. எவன் கொண்டு வந்து போட்டாலும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். தள்ளிவிடுவேன். நூறு பீஸாவது தள்ளியிருப்பேன். என்னிடம் தைக்கிற மயிலாத்தாள் ஒருத்தி இருக்கிறாள், வாயாடி. "ஏனுங்கம்மணி இப்படி அலையறீங்க? பழைய நூல்சேலை நாலு எடுத்து மடிச்சுத் தெச்சுக் குடுங்க. கொழந்தைக்கு ஏணை கட்ற மாதிரி மெத்துனு இருக்கும்" என்றாள். என் அக்காவுக்குப் பழசைப் போர்த்தச் சொல்கிறாயா என்று கத்தி, மூன்று நாள் வேலைக்கே வராதே என்று அனுப்பிவிட்டேன்.

ஈரோட்டில் ஒரு கடைக்காரர், வயசானவர், நான் தள்ளத் தள்ளப் பொறுமையாகப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எப்படித்தான் வேணும் சொல்லுங்க என்றார். சொன்னேன். கேட்டுவிட்டு, "அம்மிணி, நீங்க சொல்ற துணி சென்னிமலைப் பக்கம் சென்னியப்பன்னு ஒருத்தர் நெய்யறாரு. அங்க போங்க. வேற எங்கயும் கெடைக்காது" என்றார்.

எனக்குத் தெரியாதா அது? முதல் கடையிலேயே தெரியும். கை அதைத்தான் தேடிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு ஒரு போன் போட்டால் அடுத்த பஸ்ஸில் கொடுத்து விட்டிருப்பார். எப்படிக் கேட்பது சொல்லு? உன் பெண்டாட்டிக்குப் போர்வை தைக்கிறேன், துணி நீ கொடு என்றா? எந்த வாயால் கேட்பது? அதனால் இன்னும் தேடினேன்.

கோகிலா நாலு தடவை கூப்பிட்டாள். நாலாவது தடவை, "சித்தி, ஏதோ ஒண்ணு அனுப்புங்க. சித்தி தெச்சதுன்னு சொன்னாப் போதும், அம்மா போத்திக்குவாங்க" என்றாள். ஏதோ ஒன்றா? நான் என்ன ஏதோ ஒன்று தைக்கிறவளா என்று அந்தப் பெண்ணிடமும் கத்தினேன். கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். மார்கழி, தை இரண்டு மாசக் குளிரும் அவள் ஆஸ்பத்திரிக் கம்பளியில் கிடந்தாள். என் குடோனில் அப்போது நாலாயிரம் போர்வை அடுக்கியிருந்தது. நாலாயிரம். ஒன்றும் அவளுக்கு ஆகாது என்று நான்தான் முடிவு பண்ணினேன்.

நேற்று சாயங்காலம் கூட ஒரு பீஸ் வந்தது. பரவாயில்லை போல் இருந்தது. காலையில் நல்ல வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தேன்.

அப்பாடா, எடுத்துவிட்டான் வண்டியை. இன்னும் எவ்வளவு தூரம் காங்கேயம்? இரு இரு, போன் அடிக்கிறது. கோகிலாதான்.

சொல்லு சாமி. வெள்ளக்கோவில் தாண்டியாச்சு. இல்ல, பஸ்ஸுலதான். டாக்சி... அது கெடக்கட்டும். என்ன, எடுத்துட்டாங்களா? எடுத்துட்டீங்களாடி? அப்புறம் ஏன் அழுவற? என்னது? யாரு சொன்னா? உங்கப்பாவா சொன்னாரு? நக்கலாச் சொன்னாரா? சும்மா சொல்லு, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். சரி. சரி சாமி. வெயில்லயா உக்காந்திருக்காங்க எல்லாரும்? சரி, வெச்சிரு.

இந்தா கண்ணு, இந்தப் பையைக் கொஞ்சம் பிடி. 

எடுக்கவில்லையாம். ஊர்ப் பெரியவர்கள் வந்து, இரண்டு மணிக்கு மேல் தாண்டக் கூடாது, தங்கச்சி வருகிற மாதிரித் தெரியவில்லை, பக்கத்துத் தெருவில் எங்கள் பிறந்த வீட்டுப் பங்காளிக் கூட்டத்துப் பெண் ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், அவள் கையால் ஒரு சேலையைப் போர்த்தி எடுத்துவிடலாம் என்றார்களாம். சேலை கூட வாங்கி வந்துவிட்டார்களாம். மாமா கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். "துளசி துணி பாத்துட்டு இருப்பா. நல்லதாப் பாத்து எடுத்துட்டு வருவா. பொழுது எறங்குனாலும் சரி, வரட்டும்" என்றாராம்.

நக்கலாகத்தான் சொல்லியிருப்பார் என்று கேட்டேன். "இல்லீங்க சித்தி, அழுதுக்கிட்டே சொன்னாரு" என்கிறாள்.

ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாத மனுசன். ஊரையே எதிர்த்துப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், எனக்காக. ஏழு வருசத்துக்கு முன்னால் வெட்டிக்கட்டும் என்று சொன்ன அதே மனுசன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். பதிலுக்குத் திட்டிவிட்டு நிமிர்ந்து உள்ளே போயிருப்பேன். வரட்டும் என்கிறாரே. இதற்கு நான் என்ன செய்வது?

உனக்குத் தெரிந்திருக்கும், எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுக்காரி சாவு வீட்டுக்குச் சும்மா நடந்து போகக் கூடாது. தெருமுனையிலிருந்தே பேர் சொல்லி, முறை சொல்லி, கூப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். உள்ளே இருக்கிறவர்களுக்குச் சத்தம் கேட்க வேண்டும், இன்னார் வந்துவிட்டாள் என்று. அந்த மனுசன் அதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஏழு வருசமாக நான் அவளைக் கூப்பிடவில்லை கண்ணு. உன்னிடம் பரமத்தியிலிருந்து அக்கா அக்கா என்று சொல்லிக்கொண்டு வந்தேன், அது வேறு. ஆளைக் கூப்பிடுவது வேறு. அங்கே போய் நின்று வாயைத் திறந்தால் என்ன வருமோ எனக்கே பயமாக இருக்கிறது. பழக்கதோசத்தில் யாரையாவது அதட்டிவிட்டால்? பந்தலை இப்படியா போடுவீர்கள், ஐஸ் பெட்டியை இங்கேயா வைப்பீர்கள் என்று வந்துவிட்டால்?

இங்கேயே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நீ சிரிக்கக் கூடாது. முன்னால் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

அக்கா.

கேட்டதா உனக்கு? இல்லையா?

எனக்கும் கேட்கவில்லை. இரு, காங்கேயத்துக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கிறது. அதற்குள் சத்தம் வந்துவிடும்.